கோழிக்கூட்டுக் கதவுப் பலகை

2019 அக்டோபர் 1, செவ்வாய்

நூலக வண்டி வந்தது. வண்டியின் நூலகர் தமாரா இந்தப் பச்சை நோட்டைக் கொடுத்தாள். "வாசிக்க வந்துருச்சு தாத்தா, இனி எழுதணும். ஒரு நாளைக்கு ஒரு வரி போதும்" என்றாள்.

ஒரு வரிக்கு மேல் ஆகிவிட்டது.

அக்டோபர் 2

என் பெயர் இம்ப்ரோ சபோலெக். வயது எழுபத்தெட்டு. ஊர் ரகிதா. ஏழு வயதிலிருந்து எழுபது வயது வரை ஊர் மாடுகளை மேய்த்தேன். கல்யாணம் இல்லை.

இதை எழுத அரை மணி நேரம் ஆனது. மேய்ப்பது சுலபம். ஆனால் மாடுகள் நிறுத்திய இடத்தில் நிற்காது. எழுத்து நிற்கிறது. காலையில் வந்து பார்த்தேன், அங்கேயே நின்றது!

அக்டோபர் 4

மழை. வெளியே போகவில்லை. உப்புப் பை, தீப்பெட்டி, மாத்திரை அட்டை, பூசணி விதை எண்ணெய் பாட்டில் எல்லாவற்றையும் வாசித்தேன். எண்ணெய் பாட்டிலில் மட்டும் பன்னிரண்டு வரி. இத்தனை வருடமாக என் மேசைமீது இவ்வளவு பேச்சு நடந்திருக்கிறது. நான் நடுவில் உட்கார்ந்து ரொட்டி தின்றிருக்கிறேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

எனக்கு வாசிக்கத் தெரியாது என்பது ஊரில் யாருக்கும் தெரியாது. அப்படித்தான் மறைத்தேன். கையில் எப்போதும் ஒரு செய்தித்தாள் வைத்திருப்பேன். யாராவது காகிதத்தை நீட்டினால் "கண்ணாடி வீட்டுல இருக்கு" என்பேன். என் மூக்கில் கண்ணாடியை ஒருவரும் பார்த்ததில்லை. அதையும் யாரும் கேட்டதில்லை.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஜனவரியில், குளிருக்காக நூலக வண்டியில் ஏறினேன். தமாரா ஒரு புத்தகம் கொடுத்தாள். பிரித்து வைத்துக்கொண்டு தலையாட்டினேன். அவள் ஒன்றும் சொல்லாமல் புத்தகத்தை என் கையில் இருந்தபடியே நேராகத் திருப்பி வைத்தாள். அன்று தொடங்கியது. இரண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய், நாற்பது நிமிடம்.

அக்டோபர் 11

லிபோவ்னிக் போனேன், கோழித் தீவனம் வாங்க. ஊராட்சி அலுவலகத்து வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் புதுக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். நின்று வாசித்தேன். நம் மாவட்டத்தில் சின்னச் சின்ன கிராம ஊராட்சிகள் இருபத்திரண்டு. ஒவ்வொன்றையும் பற்றி ஒரு பக்கம் எழுதி மாவட்டம் புத்தகம் போடப்போகிறது. எங்கள் பக்கத்தின் நகல் இது. "குறை இருந்தால் தெரிவிக்கவும்."

நேவெங்கா வெளியே வந்தாள். அலுவலகத்தில் எழுத்தர் அவள்தான், கணக்கர் அவள்தான், பாதி நாள் தலைவரும் அவள்தான்.

"மாமா, அரை மணி நேரமா நிக்கிறீங்க. யாரையாவது பாக்கணுமா?"

"வாசிக்கிறேன்."

"முழுசாவா? அதை எழுதின நானே முழுசா வாசிக்கலை."

உள்ளே போய் நாற்காலி கொண்டுவந்து போட்டாள். லிபோவ்னிக் ஊராட்சி, எட்டு ஊர், ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேர். (அதில் ஒருவன் நான்.) மக்காச்சோளம், கறவை மாடு, தீயணைப்புச் சங்கம் 1894 முதல். புனித ரோக்கு திருவிழா. ஐந்தாவது ஊர் வந்தபோது பேருந்து வந்துவிட்டது. ரகிதா எட்டாவது.

அக்டோபர் 14, திங்கள்

ரகிதாவுக்காகவே போனேன். தீவனம் தேவையில்லை.

அப்படியே எழுதிக்கொண்டு வந்தேன்:

"ரகிதா. முப்பத்தொரு பேர். மேய்ச்சல் நிலத்தில் 1938இல் யோசிப் சபோலெக் தோண்டிய கிணறு உள்ளது."

யோசிப் சபோலெக் என் அப்பா.

அப்பாவின் பெயரை அச்சில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. விரலை வைத்து மூன்று தடவை வாசித்தேன். கண்ணாடி மேல் விரல் ரேகை விழுந்துவிட்டது. "நேவெங்கா, எங்கப்பா!" என்று கத்தினேன்.

ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தாள். "தெரியும் மாமா. பலகையிலயே இருந்துச்சே."

"எந்தப் பலகை?"

"கிணத்துல இருந்ததுதான். நீலத் தகரம். பழைய ஃபைல்ல அதோட போட்டோ இருக்கு, அதைப் பாத்துதான் எழுதினேன்."

சிரித்தேன். "ஆமா ஆமா" என்றேன். பழைய பழக்கம், தெரிந்த மாதிரியே தலையாட்டினேன்.

பேருந்தில் வரும்போதுதான் உறைத்தது. அந்தக் கிணற்றைத் தோண்டியது என் அப்பா இல்லை.

அக்டோபர் 15

நூலக வண்டி வந்தது. நான் போகவில்லை.

நீலத் தகரம் என் வீட்டில்தான் இருக்கிறது. ஒரு புயலில் கிணற்றடியில் கழன்று கிடந்தது. நல்ல கெட்டித் தகரம், துரு இல்லை. எடுத்துவந்து கோழிக்கூட்டுக் கதவாக மாட்டினேன். இருபது வருடம் இருக்கும்.

ஈரத்துணியால் துடைத்தேன். இருபது வருட எச்சம். எழுத்து உள்பக்கம், அதுவும் தலைகீழ். கூட்டுக்குள் தலையை விட்டு, கழுத்தைத் திருப்பி வாசித்தேன். கோழிகள் என் முதுகில் ஏறின.

ரகிதா கிணறு. 1938. தோண்டியவர் யோசிப் சபோலெக்.

"இந்தத் தண்ணீரைக் குடிக்காதே" என்று எழுதியிருப்பதாக நினைத்திருந்தேன். இத்தனை காலமும்.

அக்டோபர் 16

இதை எழுதியாக வேண்டும். மெதுவாக எழுதுகிறேன்.

1976, வசந்தம். நகரத்திலிருந்து ஒரு ஆள் வந்தான். தோளில் பை, கையில் குறிப்பேடு. ஊர் ஊராகப் போய்ப் பழைய விஷயம் எழுதுகிறவன். மேய்ச்சல் நிலத்தில் நான் மட்டும் இருந்தேன். சிகரெட் கொடுத்தான். "இந்தக் கிணற்றைத் தோண்டியது யார்?" என்று கேட்டான்.

தோண்டியது ஆந்திரியா பெனாக். பக்கத்து வீட்டு லோவ்ரோ அண்ணனின் அப்பா. எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும்.

"எங்கப்பா" என்றேன்.

ஏன் சொன்னேன்? அப்பா செத்தபோது எனக்கு மூன்று வயது. நாற்பத்து நாலில், போர் நடந்தபோது, காட்டுக்குள் போனார், திரும்பவில்லை. கல்லறை இல்லை. போட்டோ இல்லை. முகமும் ஞாபகம் இல்லை. அம்மா அவரைப் பற்றிப் பேசவே மாட்டாள், அழுகை வந்துவிடும். அப்பாவுக்கென்று ஒரு கிணறாவது இருக்கட்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான். அவன் எழுதிக்கொண்டான். பேசினது காற்றில் போகும், எழுதினதும் அப்படித்தான் போகும் என்று நினைத்தேன். எழுத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

இலையுதிர் காலத்தில் இரண்டு பேர் வந்து நீலப் பலகையை ஆணியடித்தார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க எனக்கு வெட்கம்.

அந்த வாரம் முதல் லோவ்ரோ அண்ணன் என்னிடம் பேசவில்லை. அந்தக் கிணற்றில் தண்ணீர் குடிக்கவும் இல்லை. தாகத்தோடு வருவார், பலகையைப் பார்ப்பார், துப்பிவிட்டுப் போவார். அதைப் பார்த்துத்தான் முடிவு செய்தேன், பலகையில் "குடிக்காதே" என்று போட்டிருக்கிறது என்று. அன்றிலிருந்து நானும் குடிக்கவில்லை. வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் சுமந்தேன். மாடுகளுக்கு வாசிக்கத் தெரியாது, அவை குடித்தன. ஒன்றும் ஆகவில்லை. அதைப் பார்த்தாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டாமா?

பேச்சு நின்றதற்குக் காரணம் வேறு என்று நினைத்தேன். அதே வருடக் கோடையில் ஷரவா என்ற மாடு வேலி தாண்டி அவருடைய மக்காச்சோளத்தில் இறங்கிவிட்டது. பாதி வயல் போயிற்று. அடுத்த வருடம் இரண்டு மூட்டை சோளம் கொண்டுபோய் அவர் வாசலில் வைத்தேன். காலையில் பார்த்தால் என் வாசலில் இருந்தது. சோளத்துக்காக இப்படி ஒரு மனுஷனா என்று நானும் கோபப்பட்டேன்.

கை வலிக்கிறது.

அக்டோபர் 17

நாற்பத்து மூன்று வருடம்.

அக்டோபர் 18

நேவெங்காவிடம் சொன்னேன். எல்லாவற்றையும். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"மாமா, அது பொய்னு பெரியவங்க எல்லாருக்கும் தெரியும். எங்கப்பாவே சொல்லுவாரு. ரெண்டு வீடும் பேசித் தீர்த்துக்கிடட்டும்னு விட்டுட்டாங்க. நானும் பலகையில இருந்தபடியே எழுதிட்டேன்."

"எனக்குத் தெரியாதே!"

"உங்களுக்குத் தெரியாதுன்னு யாருக்குத் தெரியும்? கையில பேப்பரோட திரிவீங்க. பலகையை வேற கழட்டி வீட்டுக்குக் கொண்டுபோயிட்டீங்க. ஆசையா மாட்டி வச்சிருப்பீங்கன்னு நினைச்சோம்."

நவம்பர் 15க்குள் எழுத்தில் கொடுக்க வேண்டுமாம்.

"வாயால சொன்னாப் போதாதா?"

"வாயால சொன்னதாலதான மாமா இந்த வம்பே."

இன்னொன்றும் சொன்னாள். ஊராட்சித் தலைவருக்குச் சண்டை பிடிக்காது. பெனாக் வீட்டுக் கையெழுத்தும் சேர்ந்து வந்தால்தான் திருத்துவார். ஒருவர் மட்டும் எழுதினால் "தகராறு" என்று கிணற்றையே எடுத்துவிடுவார். அப்புறம் ரகிதாவைப் பற்றி இருப்பது இரண்டு சொல்தான். முப்பத்தொரு பேர்.

ஆந்திரியா பெனாக்கின் கிணற்றை ஒரு தடவை திருடினேன். இப்போது ஒரேயடியாக மூடவும் போகிறேனா?

அக்டோபர் 21

ஒரு வரி எழுதினேன். அழித்தேன்.

அக்டோபர் 23

இரண்டு வரி. ஒன்றை அழித்தேன்.

அக்டோபர் 26

கோழி மூன்று முட்டை. கடிதம் நான்கு வரி.

அக்டோபர் 29, செவ்வாய்

வண்டியில் தமாராவிடம் கடிதத்தைக் காட்டினேன். "தவறாகச் சொல்லிவிட்டேன்" என்று எழுதியிருந்தேன். அவள் வாசித்துவிட்டு, "தவறாவா சொன்னீங்க தாத்தா?" என்று மட்டும் கேட்டாள். குரலில் ஒன்றும் இல்லை. புத்தகத்தைத் திருப்பி வைத்த அதே மாதிரி.

அந்த வரியை அழித்தேன். "பொய் சொன்னேன்" என்று எழுதினேன். அது சின்னச் சொல். எழுத அதிக நேரம் ஆனது.

நவம்பர் 1, அனைத்துப் புனிதர் நாள்

கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். செவ்வந்திப் பூவும் மெழுகுவர்த்தியும். ஒவ்வொரு வருடமும் போகிறேன், அம்மாவின் கல் எது என்று அடி எண்ணி வைத்திருந்தேன். வாசலிலிருந்து நாற்பத்தாறு அடி, இடப்பக்கம். இந்த வருடம் எண்ணவில்லை. பெயர்களை வாசித்துக்கொண்டே போனேன். எத்தனை பேர்! எல்லோரும் எழுந்து நின்று தங்கள் பெயரைச் சொன்ன மாதிரி இருந்தது. நானும் ஒவ்வொருவருக்கும் தொப்பியைத் தூக்கினேன். தபால்காரர் மிஷ்கோ என்னைவிட இரண்டு வயது இளையவன்! ஐம்பது வருடம் அவனை அண்ணன் என்று கூப்பிட்டேன்.

பிறகு ஆந்திரியா பெனாக். 1899–1970. தொப்பியைத் தூக்கியவன் போடவில்லை. ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தேன்.

திரும்பினால் லோவ்ரோ அண்ணன். தடியை ஊன்றி நின்றிருந்தார். எண்பத்தேழு வயது. கண்ணில் புரை. என்னைத் தெரிந்ததா என்று தெரியவில்லை. நான் நகர்ந்துவிட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தேன். குனிந்து மெழுகுவர்த்திகளைத் தடவினார். என்னுடையதைத் தொட்டார். எடுக்கவில்லை.

நவம்பர் 3, ஞாயிறு

அவர் வீட்டு வாசலுக்குப் போனேன். முற்றத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், காலடியில் நாய்.

"லோவ்ரோ அண்ணே."

அவர் நாயிடம் பேசினார். "யாருடா கார்லோ, வாசல்ல? ஆடா மாடா?"

"நான்தான் அண்ணே, இம்ப்ரோ."

"கார்லோ, வீட்டுல ஆள் இல்லைன்னு சொல்லு."

நாய் என் கையை நக்கியது. திரும்பி வந்துவிட்டேன்.

நவம்பர் 7

மறுபடி போனேன். "கார்லோ, தலைவலின்னு சொல்லு" என்றார். யாருக்குத் தலைவலி என்று சொல்லவில்லை.

நவம்பர் 9

கடிதம் முடிந்தது. பதினொரு வரி. சத்தமாக வாசித்துப் பார்த்தேன். கோழிகள் கேட்டன.

நவம்பர் 11, புனித மார்த்தின் நாள்

மாலையில் தீயணைப்புக் கூடத்தில் புது ஒயினுக்கு வருடந்தோறும் நடக்கும் விளையாட்டு ஞானஸ்நானம், வாத்து விருந்து. நான் மதியமே லோவ்ரோ அண்ணன் வாசலுக்குப் போனேன்.

"கார்லோ, இன்னைக்கும் வந்துட்டானா?"

சரி என்று நினைத்தேன். அவருக்கு நாய்தான் வழி என்றால் எனக்கும் நாய்தான் வழி. கேட்டுக்கு வெளியே நின்று, காகிதத்தை விரித்து, "கார்லோ, கேளு" என்று ஆரம்பித்தேன்.

"லிபோவ்னிக் ஊராட்சிக்கு. ரகிதா மேய்ச்சல் நிலக் கிணற்றைத் தோண்டியவர் ஆந்திரியா பெனாக்..."

கார்லோ உட்கார்ந்தது. அவர் அசையவில்லை. விரல் வைத்து வாசித்தேன். காற்றடித்தது, காகிதம் மடங்கியது, வரி தவறிவிட்டது. மறுபடி முதலிலிருந்து. "1976இல் என் அப்பா என்று நான் பொய் சொன்னேன். எனக்கு அப்போது வாசிக்கத் தெரியாது. பலகையில் என்ன இருந்தது என்று..." அங்கே விரல் நகரவில்லை. நின்றேன்.

"எங்கப்பன் கிணத்தையே இதைவிடச் சீக்கிரம் தோண்டி முடிச்சாருடா" என்றார்.

என்னிடம்! நாயிடம் இல்லை, என்னிடம்.

"என்னாச்சு, எழுத்து தீர்ந்துபோச்சா? மிச்சத்தை வாசி."

வாசித்தேன். முடித்தேன். காகிதத்தை மடித்தேன்.

"வாசிக்கத் தெரியாதா உனக்கு?"

"தெரியாதுண்ணே. இப்பத்தான்."

"அப்ப அந்தப் பேப்பரு?"

"சும்மா."

"ஃபுட்பால் ஸ்கோர் எல்லாம் சொல்லுவியேடா!"

"ரேடியோல கேட்டது."

"பலகையை நீ வீட்டுக்குக் கொண்டுபோய் நடுவீட்டுல மாட்டியிருக்கறதா சொன்னாங்க."

"கோழிக்கூட்டுக் கதவுண்ணே. தலைகீழா இருக்கு. 'குடிக்காதே'ன்னு போட்டிருக்குன்னு நினைச்சேன். நீங்க குடிக்கலையா, நானும் குடிக்கலை."

"எத்தனை நாளு?"

"நாற்பத்து மூணு வருஷம்."

அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். சிரிப்பு. இருமல் வரும்வரை சிரித்தார். தடி கீழே விழுந்தது. எடுத்துக் கொடுக்க உள்ளே போனேன். அப்படித்தான் அந்த முற்றத்துக்குள் கால் வைத்தேன்.

"நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேண்ணே" என்றேன்.

"நான் ஏன் கேக்கணும்? பொய் சொன்னவன் நீ, நீதான் வரணும். வருவேன்னு பாத்தேன். வந்தது ரெண்டு மூட்டை சோளம். எங்கப்பன் கிணத்துக்கு விலை ரெண்டு மூட்டையான்னு கொதிச்சுப்போச்சு எனக்கு."

பிளம் சாராயம் கொண்டுவந்தார். ஆளுக்கு ஒரு குட்டிக் கிளாஸ். கையெழுத்து விஷயத்தைச் சொன்னேன். பேனாவை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"போட மாட்டேன்."

பேனாவை மூடப் போனேன்.

"இதுல குறை இருக்கு" என்றார். "பாதிதான் எழுதியிருக்க. தோண்டினது எங்கப்பன். உள்ள கட்டின கல்லு எங்கிருந்து வந்துச்சு? இந்த ஊர் மண்ணுல கல்லு ஏது? ஆத்தங்கரையிலேருந்து உங்கப்பன் கொண்டுவந்தான். மாட்டு வண்டியில, ரெண்டு வாரம். எனக்கு அப்ப ஆறு வயசு. போகும்போது வண்டி காலி, என்னைத் தூக்கி உக்கார வச்சுக்குவான்."

நான் பேனாவைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

"ஒல்லியா இருப்பான். காது ரெண்டும் வெளிய நிக்கும், உன்னை மாதிரியே. வண்டியில ஏறினதுலேருந்து சீட்டியடிச்சுக்கிட்டே வருவான். நீ மாட்டை ஓட்டிக்கிட்டு சீட்டியடிச்சுட்டுப் போகும்போதெல்லாம் எனக்குப் பத்திக்கிட்டு வரும். அதே மெட்டுடா. எங்கப்பன் கிணத்தைத் திருடிட்டு, தன் அப்பன் சீட்டியையும் அடிச்சுக்கிட்டுப் போறான் பாருன்னு."

அந்த மெட்டு எனக்கு எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்ததே இல்லை. மாடுகளுக்குப் பிடித்திருந்தது, அடித்தேன்.

என் அப்பாவைப் பார்த்த கண்கள் இந்த ஊரில் இன்னும் இரண்டு மிச்சம். வேலிக்கு அந்தப் பக்கம். நாற்பத்து மூன்று வருடமாக.

விருந்துக்கு நாங்கள் இருவரும் போகவில்லை.

நவம்பர் 12

கடிதத்தைப் புதிதாக எழுதினேன். பன்னிரண்டு வரி. கல் விஷயம் கடைசி வரி. ஆறு வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு ஞாபகம் இருக்குமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். காது வரை சொன்னாரே, அது போதும். கேட்கவில்லை.

தமாராவிடம் சொன்னேன். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். வண்டி எட்டு நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. ரகிதாவில் அது நடந்ததே இல்லை.

நவம்பர் 13

லோவ்ரோ அண்ணன் கையெழுத்துப் போட்டார். இடம் தெரியவில்லை, அவர் விரலைப் பிடித்துக் காகிதத்தில் வைத்தேன். "பாத்து வை. வேற எதையாவது எழுதிக் குடுத்துறப் போற" என்றார்.

நவம்பர் 14, வியாழன்

கொடுத்துவிட்டேன். நேவெங்கா நின்றபடி வாசித்தாள், பிறகு உட்கார்ந்து வாசித்தாள். முத்திரை குத்தினாள். வரவு எண் 1. எட்டு ஊரில் குறை எழுதியவன் நான் ஒருவன்தானாம். "மத்த ஏழு ஊர்ல எல்லாம் சரியாவா இருக்கு?" என்றேன். "வாசிச்சாத்தானே மாமா தெரியும்" என்றாள்.

முத்திரை போட்ட நகல் ஒன்று கேட்டு வாங்கி வந்தேன். அலமாரியில் ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

நவம்பர் 27

பலகையைக் கழற்றிக் குழிதோண்டிப் புதைக்கலாமா என்று லோவ்ரோ அண்ணனிடம் கேட்டேன். "எதுக்கு? நல்ல தகரம். கோழிங்க வாசிக்கட்டும்" என்றார்.

டிசம்பர் 5

ஊராட்சிக் கூட்டம் முடிந்தது. நேவெங்கா போன் செய்தாள். தலைவர் இரண்டு கையெழுத்தையும் பார்த்துவிட்டு, "இவங்க ரெண்டு பேருமா?" என்று இரண்டு தடவை கேட்டாராம். சரி என்று விட்டார்.

டிசம்பர் 19

பனி. லோவ்ரோ அண்ணன் வீட்டுப் பாதையில் பனியைத் தள்ளி வழி செய்தேன். "கோணலா இருக்கு" என்றார். புரை விழுந்த கண்ணுக்கு இது மட்டும் தெரிகிறது.

2020 ஜனவரி 9

அப்பா புகைபிடிப்பாரா என்று கேட்டேன். "எல்லாத்தையும் ஒரே நாள்ல கேக்காத. அப்புறம் நாளைக்கு நீ எதுக்கு வரப்போற?" என்றார்.

ஜனவரி 10

புகைபிடிப்பாராம். புகையிலைக் குழாய். வாயில் வைத்துக்கொண்டே சீட்டியடிப்பாராம். அது எப்படி முடியும்? முயன்று பார்த்தேன், பென்சிலை வைத்து. முடியவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

புத்தகம் வந்துவிட்டது. தமாரா வண்டிப் படியில் நின்று இரண்டு கையாலும் கொடுத்தாள். பக்கம் பதினான்கு. இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

"ரகிதா. முப்பத்தொரு பேர். மேய்ச்சல் நிலத்தில் உள்ள கிணற்றை 1938இல் ஆந்திரியா பெனாக் தோண்டினார். அதற்கான கல்லை யோசிப் சபோலெக் கொண்டுவந்தார்."

பிப்ரவரி 19

லோவ்ரோ அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் அப்பா பெயர் வந்ததும் கையைத் தூக்கினார். நிறுத்தினேன். கொஞ்ச நேரம் கழித்துக் கையை இறக்கினார். மேலே வாசித்தேன்.

"சோளம் தின்னது உன் மாடுன்னு போட்டிருக்கா?"

"இல்லண்ணே."

"அடுத்த பதிப்புல போடச் சொல்லு."

பிப்ரவரி 24

ஒரு நாளைக்கு ஒரு ஊராட்சி என்று வாசிக்கிறோம். இன்று ஐந்தாவது. மலைக்கு அந்தப் பக்கம் உள்ள ஊர். ஒரு சேவகன் தனி ஆளாக மணிக்கூண்டு கட்டினான் என்று போட்டிருந்தது.

"தனி ஆளா?" என்றார் லோவ்ரோ அண்ணன். "அந்த ஊர்ல மாடு மேச்சவன் யாருன்னு விசாரி."

பிப்ரவரி 29, சனி

வெயில் அடித்தது. பனி ஓரமாக மட்டும் மிச்சம். லோவ்ரோ அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார், மேய்ச்சல் நிலத்துக்குப் போனோம். வழியில் சீட்டியடிக்கச் சொன்னார். அடித்தேன். "கடைசியில இழுக்காத. உங்கப்பன் அங்க வெட்டி நிறுத்துவான்" என்றார். வெட்டி நிறுத்தினேன். "ம்" என்றார்.

சங்கிலி துருப்பிடித்திருந்தது. வாளி மூன்றாவது தடவைதான் நிறைந்து வந்தது. அவரிடம் நீட்டினேன்.

"நீ முதல்ல குடி. சுத்தி எங்கேயும் எதுவும் எழுதலையே? நல்லாப் பாத்துட்டுக் குடி."

சுற்றிலும் பார்த்தேன். புல்லும் வானமும்தான்.

குடித்தேன். வாளியை அவருக்குப் பிடித்தேன், அவரும் குடித்தார். பல்லெல்லாம் கூசியது. கல்லின் ருசி. நல்ல தண்ணீர்.